காங்கேயம் சாலையில் ஒரு வேன் விபத்து: ஓட்டியவரையும் அழைத்தவரையும் சேர்த்துப் பார்க்கும் நிகழ்வு ஆய்வு

திருப்பூர்ப் பனியன் நிறுவனம் ஒன்றுக்குத் தொழிலாளர்களை ஏற்றிவந்த வேன், காங்கேயத்துக்கும் படியூருக்கும் இடையில், முன்னால் சென்றுகொண்டிருந்த பால்காரர் ஒருவரின் மொபெட் மீது பின்னாலிருந்து மோதிய நிகழ்வை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ஓட்டுநர்களுக்குப் பயிற்சியளிக்க அழைக்கப்பட்டவன் என்ற முறையில், வேன் ஓட்டுநர், உள்ளே இருந்த தொழிலாளர்கள், நிறுவனத்தின் போக்குவரத்துப் பொறுப்பாளர், நடமாடத் தொடங்கிய பிறகு அந்தப் பால்காரர் என எல்லோரிடமும் பேசவும், வேனின் ஜிபிஎஸ் பதிவையும் ஓட்டுநரின் சம்மதத்தோடு அவருடைய அழைப்புப் பட்டியலையும் பார்க்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் நிறுவனத்தின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. ஓட்டுநர் அப்போது கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அதைக் கையில் எடுக்கவில்லை. சாலையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே அவர் நடந்துகொண்டார். அப்படி நடந்துகொண்டும் ஏற்பட்ட விபத்து என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது

மாசி மாதத்தில் ஒரு வேலைநாள். வேன் காலை 6.15 மணிக்கு முத்தூரில் புறப்பட்டு, வெள்ளகோவில், ஓலப்பாளையம் வழியாக ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, காங்கேயத்தில் கடைசி நிறுத்தத்தை முடித்தபோது மணி 7.20. உள்ளே 17 பேர் இருந்தார்கள். மூன்று பேரைத் தவிர மற்றவர்கள் பெண்கள். தையல், செக்கிங், பேக்கிங் என்று வெவ்வேறு பகுதிகளில் வேலை செய்பவர்கள். ஷிப்டு தொடங்குவது 8.30 மணிக்கு. போக வேண்டிய தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் அவசரம் எதுவும் இல்லை.

7.33 மணிக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கைப்பேசி டேஷ்போர்டில் ஒட்டிய ஸ்டாண்டில் இருந்தது. ஓட்டுநர் ஒரு விரலால் திரையைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "ண்ணா, எங்க வந்துட்டு இருக்கறீங்க?" என்பது முதல் கேள்வி. "காங்கயந் தாண்டிட்டனுங்க" என்று பதில். அன்று சரக்கு அனுப்ப வேண்டிய நாள். செக்கிங்குக்கு ஆள் குறைந்தால் இன்னொரு யூனிட்டிலிருந்து ஆட்களை அழைக்க வேண்டும் என்பதால், செக்கிங் ஆட்களில் யார் யார் ஏறியிருக்கிறார்கள், முத்தூர்ப் பக்கம் யார் வரவில்லை என்று பொறுப்பாளர் கேட்டார். ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தமாக நினைத்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த இடத்தில் சாலை ஒரு வளைவைத் தாண்டி ஏறத்தாழ 300 மீட்டர் நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம்; கிளுவை வேலி. நேர்ப்பகுதியின் முடிவில் வலது பக்கம் ஓர் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை, பிரிகிறது. இரு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட மொபெட்டில் அதே திசையில் சென்றுகொண்டிருந்த பால்காரர், அந்த இட்டேரிக்குள் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்து, வலது கையை நீட்டியபடி சாலையின் நடுப்பக்கமாக நகர்ந்தார். வேனின் முன் இருக்கையில் இருந்த பெண் "அண்ணா, பால்காரரு!" என்று கத்திய பிறகுதான் பிரேக் மிதிக்கப்பட்டது. டயர் தேய்ந்த தடம், மோதிய இடத்துக்கு 6 மீட்டர் முன்னால்தான் தொடங்கியது.

பால்காரர் தூக்கி எறியப்பட்டுச் சாலையோரத்துக் கொழுக்கட்டைப் புல்லின் மேல் விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலை தாரில் படாமல் மண்ணில் பட்டதால் உயிர் தப்பியது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வேனுக்குள் இருந்தவர்களில் இரண்டு பெண்களுக்கு முன் இருக்கையின் கம்பியில் இடித்து நெற்றியில் காயம். 108 வண்டி வந்து பால்காரரைக் காங்கேயத்துக்கும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் கொண்டுசென்றது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவருடைய குடும்பம் பணம் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகான மாதங்கள் அவ்வளவு எளிதாகப் போகவில்லை. மாடுகளைக் கறப்பதும் வீடு வீடாகப் பால் ஊற்றுவதும் அவர் ஒருவரே செய்துவந்த வேலை.

முதலில் சொல்லப்பட்ட காரணங்கள்

காவல்நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் வேனை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டிவந்ததாக எழுதப்பட்டிருந்தது. நம் ஊரில் எந்தச் சாலை விபத்தின் அறிக்கையை எடுத்தாலும் காணக்கூடிய தொடர் இது. ஜிபிஎஸ் பதிவின்படி வேனின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். நேரான, போக்குவரத்துக் குறைந்த அந்தச் சாலைக்கு அது அதிக வேகமில்லை. கைப்பேசியைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லை. யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் சொல்லவில்லை.

நிறுவனத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொண்டார்கள். முந்தைய இரவு ஒன்றரை ஷிப்டு ஓடியது. ஆட்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் வீடு சேரும்போது மணி பத்தரை. ஆகவே தூங்கிவிட்டார் என்பது ஒரு கருத்து. பால்காரர் பின்னால் பாராமல் குறுக்கே வந்துவிட்டார் என்பது இன்னொரு கருத்து. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆறு மணி நேரத் தூக்கம் போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. மொபெட்டின் பக்கக் கண்ணாடிகள் கேன் கட்டுவதற்கு இடைஞ்சல் என்று முன்பே கழற்றப்பட்டிருந்தன. அவை இருந்திருந்தால் வேன் வருவதைப் பால்காரர் பார்த்திருக்கக்கூடும். ஆனால் பேச்சை விடாமல் கேள்விக்குக் கேள்வி சரியான பதில் சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க முடியாது. வேன் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காலை வெயில் முதுகுப் பக்கம். எனவே கண் கூசியிருக்கவும் வாய்ப்பில்லை. பிரேக், டயர், சாலை ஆகிய மூன்றிலும் குறையில்லை. ஓட்டுநர் குடிப்பழக்கம் இல்லாதவர். பதினொரு ஆண்டுகளாக அதே தடத்தில் ஓட்டியவர். வழக்கு எதுவும் இல்லாதவர்.

கணக்கைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மணிக்கு 58 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16 மீட்டர். வளைவைத் தாண்டியதிலிருந்து இட்டேரி வரை வேன் வர 18 விநாடிக்கு மேல் ஆகியிருக்கும். அந்த நேரம் முழுவதும் மொபெட், வேன் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருந்தது. இட்டேரிக்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே கை நீட்டியதாகப் பால்காரர் சொல்கிறார். முன் இருக்கைப் பெண்ணும் அதையே சொல்கிறார். மொபெட் அப்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால், கை நீண்ட நேரம் ஏறத்தாழ 9 விநாடி. அவர் கையை நீட்டத் தொடங்கியபோது வேன் நூறு மீட்டருக்குச் சற்றே குறைவான தூரத்தில் பின்னால் இருந்திருக்க வேண்டும். அந்த வேகத்தில், எதிரே உள்ளதை உணர்ந்து காலைப் பிரேக்குக்குக் கொண்டுவர ஒன்றரை விநாடியும், உலர்ந்த சாலையில் வண்டி நிற்கத் தேவையான தூரமும் சேர்ந்தால் சுமார் 45 மீட்டர். நிறுத்தியிருக்கவே வேண்டியதில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தாலே பால்காரர் திரும்பிப் போயிருப்பார்.

பார்த்தும் தெரியாமல் போனது

ஓட்டுநரிடம் நான் முதலில் கேட்டது, எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதைத்தான். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணு ரோட்டுலதானுங்க இருந்துச்சு. பொய் சொல்லுலீங்க. ஆனா அவரு கை காட்டுனது எனக்குத் தெரியவே இல்லீங்க." விபத்தில் சிக்கிய ஓட்டுநர்கள் இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் யாரும் நம்புவதில்லை. நான் நம்பினேன். காரணம், முன் இருக்கையில் இருந்த பெண் தனியாகப் பேசும்போது சொன்னது: "நானும் பால்காரரப் பாத்தனுங்க. அண்ணனும் நேராத்தானுங்க பாத்துட்டு இருந்தாரு. அதனால சொல்லோணும்னு தோணுலீங்க."

கண் திறந்திருப்பதும், கண்ணில் பட்டது கருத்தில் பதிவதும் வெவ்வேறு வேலைகள். அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் ஓட்டுநர் இருக்கை மாதிரிக் கருவிகளில் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. கைப்பேசியில் கை படாமல் உரையாடிக்கொண்டே ஓட்டியவர்கள், தங்கள் பார்வை நேராகச் சென்று படிந்த பொருள்களைக்கூடப் பின்னர் நினைவுகூர முடியாமல் போனார்கள். 1997இல் ரெடல்மையர், திப்ஷிரானி என்ற இரு கனடா ஆய்வாளர்கள், கைப்பேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து, பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசும் வகைக் கருவிகளால் அந்த ஆபத்துக் குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்விலும் இதே நான்கு மடங்குதான் வந்தது.

இந்த விபத்தில் உரையாடலின் தன்மையையும் கவனிக்க வேண்டும். பொறுப்பாளர் கேட்டது, யார் யார் ஏறினார்கள் என்பது. அதற்குப் பதில் சொல்ல ஓட்டுநர் முத்தூர் நிறுத்தத்தை மனத்தில் கொண்டுவந்து, அங்கே நின்றிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு வெள்ளகோவில், பிறகு ஓலப்பாளையம். காட்சியை நினைவில் விரித்துப் பார்ப்பதற்கும் எதிரே உள்ள சாலையைப் பார்ப்பதற்கும் மனம் ஏறத்தாழ ஒரே திறனைத்தான் பயன்படுத்துகிறது. வெள்ளகோவில் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனத்துக்குக் காங்கேயம் சாலையில் நீண்ட ஒரு கை தெரியவில்லை. அழைப்பு நீடித்தது 1 நிமிடம் 40 விநாடி. அதற்குள் வேன் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டது.

பக்கத்தில் அமர்ந்து பேசுபவரால் இந்த அளவுக்குக் கேடு வருவதில்லை என்பதையும் ஸ்ட்ரேயர் குழுவினர் கண்டார்கள். உடன் வருபவருக்குச் சாலை தெரிகிறது. எதிரே லாரி வந்தால் அவர் தானாகப் பேச்சை நிறுத்துகிறார், சில நேரம் எச்சரிக்கவும் செய்கிறார். மறுமுனையில் அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு அது தெரியாது. போக்குவரத்துப் பொறுப்பாளர் என்னிடம் சொன்னது இது: "சத்தம் கேட்டப்பதானுங்க அவரு வண்டி ஓட்டிட்டு இருக்காருங்கறதே எனக்கு நெனப்பு வந்துச்சு." அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர். விபத்தன்று முதல் ஆளாக மருத்துவமனையில் நின்றவர். தினமும் செய்துவந்த வேலையைத்தான் அன்றும் செய்தார்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஓட்டுநர் எவரும் கைப்பேசியில் ஆள் கணக்குச் சொல்லமாட்டார். பாதையே அவரை விடாது. காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கத்துச் சாலைகள் சமவெளியில் நேராகக் கிடக்கின்றன. பழகிய தடம், பழகிய நேரம், பழகிய வண்டி. கை தானாக ஓட்டுகிறது என்ற உணர்வு வருவது இங்கேதான். பேசினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை வளர்வதும் இங்கேதான். பதினொரு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த நம்பிக்கைக்குச் சான்றாகவும் நின்றது.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. வண்டி ஓட்டும்போது கையில் பிடித்து இயக்கும் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலாகும். முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் குலையாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்றது. கையில் பிடிப்பதைத்தான் 184ஆவது பிரிவின் விளக்கம் எடுத்துச் சொல்கிறது. ஸ்டாண்டில் வைத்து ஸ்பீக்கரில் பேசினால் பாதுகாப்பு என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இந்த வேனில் இருந்த ஸ்டாண்டை வாங்கிக்கொடுத்தது நிறுவனம்தான். ஜனவரியில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு மாத நிகழ்ச்சி ஒன்றில், கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டமாட்டேன் என்று எல்லா ஓட்டுநர்களிடமும் உறுதிமொழிக் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு ஸ்டாண்டும் கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த செயல். அதற்குப் பிறகு அழைப்புகள் குறையவில்லை, கூடின. ஓட்டுநர் எப்போதும் எடுப்பார் என்பது உறுதியானதும், ஆள் கணக்கு மட்டுமின்றி, வழியில் நூல் வாங்கி வருவது, இன்னொரு வேன் பழுதானால் அதன் ஆட்களை ஏற்றிக்கொள்வது என எல்லாம் ஓட்டத்திலேயே பேசப்பட்டன. ஓட்டுநரின் பழைய அழைப்புப் பட்டியலில், ஏறத்தாழ எல்லா வேலைநாளிலும் காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நிறுவனத்து எண் இருக்கிறது.

அரசின் புள்ளிவிவரத்தை வைத்து இந்தப் பிரச்சினையின் அளவை மதிப்பிட முயல்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 2021இல் நாடெங்கும் பதிவான 4,12,432 விபத்துகளில் கைப்பேசியால் நேர்ந்தவை என்று குறிக்கப்பட்டவை 1,997 மட்டுமே. அரை விழுக்காடுகூட இல்லை. காங்கேயம் சாலை விபத்து அந்தக் கணக்கில் ஏறியிருக்காது. வேகத்தின் கணக்கில்தான் ஏறியிருக்கும். மாறாக, அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் நூறு கார்களில் கேமரா பொருத்தி ஓராண்டு காலம் பதிவுசெய்தபோது, நடந்த மோதல்களில் 80 விழுக்காட்டுக்கு நெருக்கமானவற்றில், மோதலுக்கு முந்தைய மூன்று விநாடிக்குள் ஓட்டுநரின் கவனம் ஏதோ ஒரு வகையில் சாலையை விட்டு விலகியிருந்தது. 2022இல் 64,105 விபத்துகளோடு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 17,884 பேர் உயிரிழந்தார்கள். அவற்றில் எத்தனை விபத்துகளுக்கு முன் கைப்பேசி ஒலித்தது என்று அறிய வழியில்லாமல் வழக்குகள் முடிந்துவிடுகின்றன.

ஓட்டுநர் கல்வியில் விடுபட்ட ஆள்

நம் ஊரில் உரிமம் வாங்குவதை எட்டுப் போடுவது என்றே சொல்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் இலகுரக வண்டிக்கு ஓட்டுநர் பள்ளியில் குறைந்தது 21 நாளும், அதில் பத்து மணி நேரம் கையில் ஸ்டீயரிங்கோடும் பயில வேண்டும் என்கின்றன. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதி அதை 29 மணி நேரமாக்கி, 8 மணி நேரத்தைப் பாடத்துக்கு ஒதுக்கியது. இது முன்னேற்றம்தான். ஆனாலும் கிளட்ச், கியர், சைகை, சாலை விதி ஆகியவற்றைக் கற்றுக்கொள்பவருக்குத் தன் கவனம் எப்படி வேலை செய்கிறது, எப்போது கைவிடுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் பாடம் நான் பார்த்த பள்ளிகளில் இல்லை. ஓட்டுநரை அழைப்பவருக்கான பாடம் எங்குமே இல்லை. முதலாளி, மேலாளர், சரக்குக்காரர், வீட்டுக்காரர் என்று அழைப்பவர்கள் எல்லோரும் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் நம் பேருந்துகள் என்றைக்கோ ஒரு வழி கண்டுவிட்டன என்பது என் கருத்து. ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று இருக்கைக்கு மேலே எழுதிவைத்தது கைப்பேசி வருவதற்கு வெகு காலம் முன்பு. எழுதியதோடு நிற்கவில்லை, பேச வேண்டிய எல்லாவற்றையும் நடத்துநரின் வேலையாக்கினார்கள். டிக்கெட், சில்லறை, ஆள் கணக்கு, சண்டை, சமாதானம் எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுநருக்கு வந்துசேர்வது ஒரு விசில் அல்லது இரண்டு விசில். நிறுத்து, போகலாம். பனியன் நிறுவன வேனில் நடத்துநர் இல்லை. ஓட்டுநரே நடத்துநராகவும், அதற்கும் மேலே ஆள் கணக்கு எழுதும் டைம்கீப்பராகவும் ஆக்கப்பட்டிருந்தார். விபத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பதே இந்த ஆய்வில் நான் கண்ட முடிவு.

பயிற்சியில் செய்தது

ஓட்டுநர்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்துத் தருமாறு நிறுவனம் கேட்டது. போக்குவரத்துப் பொறுப்பாளரும் லைன் சூப்பர்வைசர்களும் அதே வகுப்பில் அமர வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்தேன். சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டார்கள்.

படமும் பேச்சுமாக நடந்த முதல் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓட்டுநர்கள் இதையெல்லாம் பலமுறை கேட்டவர்கள். பலன் தந்தது சாலையில் செய்த பயிற்சி. வேனை நான் ஓட்டினேன். பயிற்சி பெறும் ஓட்டுநர் இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, சாலையில் கவனிக்க வேண்டிய ஒவ்வொன்றையும் பார்த்த கணமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின் இருக்கையில் சூப்பர்வைசர்கள். அவிநாசிபாளையம் பக்கம் போனபோது ஒரு ஓட்டுநர் அருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "லெப்ட்ல நாய் நிக்குது. முன்னால டிராக்டர், இண்டிகேட்டர் இல்ல. எதுத்தாப்ல பஸ், பின்னாடி பைக்கு ஏறி வரும். அந்தம்மா ஆட்டப் புடிச்சுட்டு நிக்குது, ஆடு இழுக்கும்." அப்போது முன்பே பேசிவைத்தபடி போக்குவரத்துப் பொறுப்பாளர் நிறுவனத்திலிருந்து அவரை அழைத்து, நேற்று எந்தெந்த நிறுத்தத்தில் யார் யார் வரவில்லை என்று கேட்டார். ஓட்டுநர் பதில் சொல்லத் தொடங்கினார். சாலையைப் பற்றிய பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையோரமாக வரிசையில் போய்க்கொண்டிருந்த இடத்தையும் வேகத்தடையையும் தாண்டினோம். ஒன்றையும் அவர் சொல்லவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் வரை அவர் வாய் திறக்கவில்லை. குரல் கட்டளையால் இயங்கும் கருவிகளை 2015இல் ஆராய்ந்த ஸ்ட்ரேயர் குழுவினர், வேலை முடிந்த பின்னும் மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப, மிக மோசமான நிலையில் 27 விநாடி வரை ஆகிறது என்று கண்டிருக்கிறார்கள். 58 கிலோமீட்டர் வேகத்தில் அது 400 மீட்டருக்கு மேல்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்தப் பிள்ளைகள் என்றார். பின் இருக்கையில் இருந்த சூப்பர்வைசர் ஒருவர், தான் நாள்தோறும் செய்வது இதைத்தானே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று நான் சொல்லவிருந்ததில் பெரும்பகுதியை அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து எழுந்தவைதான் இப்போது நடைமுறையில் உள்ள மாற்றங்கள். ஒவ்வொரு வேனிலும் தினமும் வரும் தொழிலாளர் ஒருவர் வேன் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டு, மாதம் ஒரு சிறு தொகை பெறுகிறார். ஏறியவர்களைக் குறித்துக்கொண்டு கடைசி நிறுத்தத்திலிருந்து நிறுவனத்துக்குச் சொல்வது அவர் வேலை. நிறுவனத்துக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அவரைத்தான் அழைக்க வேண்டும். ஓட்டுநரின் கைப்பேசி ஒலி நிறுத்தப்பட்டு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போகிறது. ஸ்டாண்டுகள் கழற்றப்பட்டன. தவிர்க்க முடியாமல் ஓட்டுநரைத்தான் பிடிக்க வேண்டுமென்றால், வேன் பொறுப்பாளர் சொல்லி, வண்டி நின்ற பிறகு அவரே திருப்பி அழைக்கிறார். முதல் கேள்வி "எங்க வந்துட்டு இருக்கறீங்க?" என்று இருந்த இடத்தில் இப்போது "வண்டி நிக்குதுங்களா?" என்று இருக்கிறது. இல்லை என்றால் அழைத்தவர் துண்டித்துவிட வேண்டும்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. மூத்த ஓட்டுநர் ஒருவருக்கு, இத்தனை வருடம் ஓட்டிய தன்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி வைப்பது அவமானமாகப் பட்டது. அவரிடம் ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியிருந்தது. ஒருவர் சட்டைப்பையில் இரண்டாவது கைப்பேசி வைத்திருந்தார். வீட்டிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்து அழைப்பைவிடக் கடினமானது, ஏனென்றால் எடுக்காவிட்டால் வீட்டில் பதறுகிறார்கள். குடும்பத்தினரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, ஓட்ட நேரத்தில் வேன் பொறுப்பாளரின் எண்ணுக்கு அழைக்கச் சொன்ன பிறகு அது அடங்கியது. வேன் பொறுப்பாளராக இருக்கும் பெண்களுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது: சாலையில் ஏதாவது கண்டால், அண்ணனும் பார்த்திருப்பார் என்று இருந்துவிடாமல் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. விபத்தன்று முன் இருக்கையில் இருந்தவர் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பரவியது.

ஒரு நிறுவனத்தின் சில வேன்களை வைத்துக்கொண்டு விபத்து குறைந்தது என்று அறிவிப்பது நேர்மையாகாது. விபத்து அரிதாக நடப்பது, அதன் கணக்கு தெரிய நெடுங்காலம் வேண்டும். மாறியதாக உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஓட்டுநர்கள் சம்மதித்துக் காட்டும் அழைப்புப் பட்டியல்களில், புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் இடையில் நிறுவனத்து எண் இப்போது இல்லை. ஆள் கணக்கும் முன்பைவிடச் சரியாக வருகிறது என்கிறார் போக்குவரத்துப் பொறுப்பாளர். நினைவிலிருந்து சொல்வதைவிட எழுதிச் சொல்வது சரியாக இருப்பதில் வியப்பில்லை.

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. பால்காரரின் இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிலுவையில் உள்ளது; அவர் கோல் ஊன்றி நடக்கிறார், மாடுகளில் பாதியை விற்றுவிட்டார். ஓட்டுநர் சில மாதம் வண்டி எடுக்கவில்லை. பிறகு அவரே கேட்டுக்கொண்டு அதே தடத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

தீராமல் இருப்பது ஒப்பந்த வேன்கள். சரக்கு நெருக்கும் மாதங்களில் நிறுவனம் வெளி வேன்களை வாடகைக்கு எடுக்கிறது. அவற்றின் ஒப்பந்தத்தில், காலதாமதமாக வந்தால் நடைக்கு இவ்வளவு பிடித்தம் என்ற விதி இன்னும் இருக்கிறது. அந்த விதி உள்ளவரை, எங்கே வருகிறாய் என்று வேன் உரிமையாளர் ஓட்டுநரை அழைத்துக்கொண்டேதான் இருப்பார். பிடித்தத்தை எடுத்துவிட்டு, ஓட்டத்தில் உள்ள ஓட்டுநரை நிறுவனமோ உரிமையாளரோ அழைக்கக் கூடாது என்ற வரியைச் சேர்க்கும் வரைவு ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். சித்திரையில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதை எடுத்துக்கொள்வதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது; இப்போது அது கணக்குப் பிரிவின் பார்வையில் இருக்கிறது.